கரண்டியோ, கணையாழியோ, வெள்ளியோ?

இங்கிலாந்து நாட்டில் பணிபுரியும் என் தம்பி மகன் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, என் மகளுக்கு ஒரு வெள்ளி மோதிரம் கொண்டுவந்து கொடுத்தான். பார்ப்பதற்கு எளிய மோதிரம். அகன்ற பட்டை, அதன் இரு முனைகளும் பற்றவைக்கப்படாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. மேல் முனையில் தேய்ந்துபோன மூன்று ஆங்கில எழுத்துகள். உட்புறத்தில், விரலைத் தொடும் பக்கத்தில், பூதக்கண்ணாடி கொண்டு பார்த்தால் மட்டுமே விளங்கும் சிறு முத்திரைகள்.

"இது மோதிரமாகப் பிறந்தது அன்று, பெரியப்பா. இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு வீட்டின் உணவு மேசையில் புழங்கிய கரண்டி. காம்பை அறுத்து, வளைத்து, மோதிரமாக்கி இருக்கிறார்கள்" என்றான் அவன்.

மோதிரத்தை வாங்கிப் பார்ப்பதற்காக நீட்டிய கையை என் தாயார் மெல்ல மடக்கிக்கொண்டார். "எதைத் தொட்ட கரண்டியோ!" என்றார்.

என் மகளோ அதற்குள் மோதிரத்தை விரலில் இட்டு, அம்மூன்று எழுத்துகளும் யாருடைய பெயராக இருக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கேட்டது வேறு: "இதில் எத்தனை கிராம் வெள்ளி இருக்கும்?"

ஒரே பொருளைக் குறித்து ஒரே வேளையில் மூவர் கேட்ட இக்கேள்விகள் பல நாள் என் மனத்தைவிட்டு அகலவில்லை. பழைய பொருளின் வடிவத்தை அழித்துப் புதிய அணி செய்வது தகுமா? தகும் எனின், எப்போது தகும்? இதைப்பற்றி நான் எண்ணியவற்றையும், இறுதியில் என் தாயாரிடம் நான் கற்றுக்கொண்டதையும் வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கரண்டியின் பிறப்பு

மேலை நாடுகளில் வெள்ளிக் கரண்டி வெறும் உணவுக் கருவியாக மட்டும் இருந்ததில்லை. குழந்தைக்கு ஞானநீராட்டு நிகழும்போது ஞானப் பெற்றோர் வெள்ளிக் கரண்டி பரிசளிப்பது இங்கிலாந்தில் நெடுநாள் வழக்கம். இயேசுநாதரின் சீடர்களுடைய உருவங்களைக் காம்பின் நுனியில் தாங்கிய கரண்டிகள் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் இவ்வாறு வழங்கப்பட்டன. சீடர் பன்னிருவரோடு இயேசுவின் உருவமும் சேர, முழுத் தொகுதிக்குக் கரண்டிகள் பதின்மூன்று. திருமணத்தை ஒட்டிச் செய்யப்படும் கரண்டிகளில் குடும்பப் பெயரின் முதலெழுத்தை மேலேயும், கணவன் மனைவி இருவர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கீழேயும் பொறிப்பதும் அக்காலத்து மரபு. நம் வீடுகளில் சீர்வரிசைப் பாத்திரங்களில் பெயர் வெட்டுகிறோம் அல்லவா? அதற்கு நிகரான வழக்கம் இது. என் மகளின் விரலில் இருந்த மூன்று எழுத்துகளும் அத்தகைய ஓர் இல்லறத்தின் அடையாளமாகவே இருத்தல் கூடும்.

உட்புறத்து முத்திரைகள் வேறு வகைச் சான்று. வெள்ளிப் பொருளின் மாற்றைச் சோதித்து முத்திரையிடும் முறை இங்கிலாந்தில் 1300ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தொடங்கியது. 1000 பங்கில் 925 பங்கு தூய வெள்ளி என்னும் அளவுக்குக் குறையாத பொருளுக்கே சிறுத்தைத் தலை முத்திரை கிட்டும். 1478 முதல் இலண்டன் கம்மியர்கள் தம் வேலைப்பாடுகளைப் பொற்கொல்லர் மன்றத்துக்கே கொண்டுசென்று சோதிக்க வேண்டியதாயிற்று. மன்றத்தில் இடப்பட்ட குறி என்பதே 'ஹால்மார்க்' என்னும் சொல்லின் பொருள். சோதித்த ஆண்டைக் காட்டும் எழுத்தும் அப்போதே சேர்ந்தது. நடைபோடும் சிங்கத்தின் உருவம் 1544இல் வந்தது. 1773இல் பர்மிங்காம், ஷெபீல்டு நகரங்களிலும் சோதனை நிலையங்கள் அமைந்தன; பர்மிங்காமின் குறி நங்கூரம். 1784 முதல் 1890 வரை, வரி செலுத்தப்பட்டதைக் காட்ட அரசரின் தலை முத்திரையும் இடப்பட்டது. இவற்றோடு செய்தவரின் பெயரெழுத்துகளும் உண்டு. ஆகவே, ஒரு சிறு கரண்டியின் முதுகில் அதன் மாற்று, ஊர், ஆண்டு, செய்தவர், செலுத்திய வரி ஆகிய அனைத்தும் எழுதப்பட்டிருக்கும். பொய் சொல்லக் கூடாது என்பதற்காகவே ஒரு பொருளின் உடலில் இத்தனை குறிகள்!

எனினும் கரண்டி வடிவமே அந்த வெள்ளியின் முதல் வடிவம் என்று எண்ணிவிட வேண்டா. அமெரிக்கக் குடியேற்ற நாடுகளில், வங்கிகள் இல்லாத காலத்தில், செல்வர்கள் தம்மிடமிருந்த வெள்ளி நாணயங்களைக் கம்மியரிடம் கொடுத்துக் கரண்டியாகவும் கிண்ணமாகவும் செய்துகொண்டனர். நாணயத்தைக் கள்வன் கவர்ந்தால் இது என்னுடையது என்று நிறுவ இயலாது. பெயர் பொறித்த கிண்ணமாயின் நிறுவலாம். பாஸ்டன் நகரத்தில் 18ஆம் நூற்றாண்டில் புகழ்பெற்றிருந்த பால் ரிவியர் போன்ற கம்மியர்களின் பட்டறைகளில் நாணயங்கள் இவ்வாறு பாத்திரங்களாயின. கரண்டிக்கு முன் நாணயம். நாணயத்துக்கு முன் கனிமம். இன்று மோதிரம், நாளை வேறொன்று. வடிவம் மாறுவதே குற்றம் எனின், கரண்டியும் குற்றத்தில் பிறந்ததே ஆகும்.

பட்டறையில் நிகழ்வது

கரண்டி எவ்வாறு மோதிரமாகிறது என்பதையும் அறிந்துகொள்ளுதல் நன்று. விரலின் சுற்றளவுக்கு ஏற்பக் காம்பை அளந்து, மெல்லிய ரம்பத்தால் அறுக்கின்றனர். அறுத்த முனையை அரத்தால் தேய்த்து மழுக்குகின்றனர். பலமுறை தட்டி உருவாக்கப்பட்ட வெள்ளி இறுகி இருக்கும். அப்படியே வளைத்தால் வெடித்துவிடும். ஆதலால் மங்கிய செந்நிறம் வரும்வரை காய்ச்சி, நீரில் அமிழ்த்தி, இளக்குகின்றனர். பின்னர்க் கூம்பு வடிவ எஃகுக் கோலின்மேல் வைத்துக் கொட்டாப்புளியால் மெல்லத் தட்டி வளைக்கின்றனர். இரும்புச் சுத்தியல் பட்டால் பூவேலையும் எழுத்தும் நசுங்கிவிடும் அல்லவா? இறுதியில் மெருகிடுகின்றனர். முள்கரண்டியின் பற்களைச் சுருட்டிக் காப்பும் பதக்கமும் செய்வதுண்டு. தட்டுகளை அறுத்துக் கைவளை செய்வதுமுண்டு. கத்தியின் பிடி மட்டும் பெரும்பாலும் இதற்கு உதவாது. அது மெல்லிய வெள்ளித் தகட்டால் ஆன கூடு. உள்ளே குங்கிலியம் போன்ற பிசினே நிரம்பியிருக்கும்.

இங்கே உருக்குதல் இல்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். பழைய பூவேலை, எழுத்து, தேய்மானம் எல்லாம் தொடர்கின்றன. பாதி அழிவு, பாதி தொடர்ச்சி. எவ்வளவு எஞ்சும் என்பது அறுப்பவரின் அறிவைப் பொறுத்தது. ஏறத்தாழ 1780 வரை முத்திரைகளைக் காம்பின் அடியில், குழிவை ஒட்டி இடுவதே வழக்கம். அதன் பின்னரே அவை காம்பின் மேல்முனைப் பக்கம் சென்றன. பழைய கரண்டியின் மேல்முனையை மட்டும் அறுத்தெடுத்தால், எழுத்துகள் மோதிரத்தில் தங்கும். முத்திரைகள் கழிவோடு போய்விடும். அதன்பின் அம்மோதிரத்தின் வயதுக்கும் மாற்றுக்கும் விற்பவரின் வாய்ச்சொல்லே சாட்சி.

முத்திரை எஞ்சினாலும் சிக்கல் முற்றும் தீர்ந்துவிடுவதில்லை. மோதிரத்தின் உட்புறத்தில் ஒரு பழைய கம்மியரின் பெயரெழுத்து இருக்கிறது. அவர் கரண்டி செய்தார்; மோதிரம் செய்யவில்லை. அறியாதவர் அம்மோதிரம் அவர் கைவேலை என்றே நம்புவர். ஒரு சொல்லும் பேசாமலே பொய் நிகழ்ந்துவிடுகிறது. 18ஆம் நூற்றாண்டில் கம்மியர் சிலர் இதை வேண்டுமென்றே செய்தனர். 1720இல் வெள்ளிப் பொருளுக்கு அவுன்சுக்கு 6 பென்சு வரி விதிக்கப்பட்டபோது, சிறு பொருளொன்றைச் சோதனைக்கு அனுப்பிச் சிறு வரி செலுத்தி, முத்திரை பெற்ற பகுதியை மட்டும் வெட்டிப் பெரிய பாத்திரத்தில் பற்றவைத்தனர். பழைய முள்கரண்டிகள் அரியன என்பதால், சாதாரணக் கரண்டிகளை வெட்டி முள்கரண்டியாக்கி விற்றவர்களும் உண்டு. இத்தகைய ஏமாற்றுகளைத் தடுக்கவே, முத்திரை பெற்ற பொருளை மாற்றியமைக்கச் சோதனை நிலையத்தின் எழுத்து வடிவ இசைவு பொதுவாக வேண்டும் என்று அந்நாட்டின் 1973ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது.

இன்னொரு வகைப் பொய்யும் உண்டு. பர்மிங்காம் நகரத்து எல்கிங்டன் நிறுவனத்தார் 1840இல் மின்முலாம் பூசும் முறைக்கு உரிமம் பெற்றனர். அதன்பின் செம்பு, துத்தநாகம், நிக்கல் ஆகியவை கலந்த உலோகத்தில் மெல்லிய வெள்ளிப் பூச்சிட்ட கரண்டிகள் பெருகின. அந்தக் கலவைக்கு 'நிக்கல் வெள்ளி' என்று பெயர். உள்ளே வெள்ளி சிறிதும் இல்லை. அதை மோதிரமாக்கி அணிந்தால், பூச்சுத் தேய்ந்தபின் நிக்கல் தோலைத் தொட்டுச் சிலருக்கு அரிப்பும் புண்ணும் உண்டாக்கும். வாங்குபவரிடம் இதைச் சொல்லிவிட்டு விற்றல் வாணிகம். சொல்லாமல் விற்றல் களவு.

எதைத் தொட்ட கரண்டியோ!

இனி என் தாயாரின் கேள்விக்கு வருவோம். புலால் உண்ணும் மேசையில் இருந்த கரண்டியை, தலைமுறை தலைமுறையாகப் புலால் மறுத்த குடும்பத்துப் பெண் அணியலாமா? இதை மூதாட்டியின் ஆசாரம் என்று ஒதுக்குதல் எளிது. நான் அவ்வாறு ஒதுக்க விரும்பவில்லை. அவர் மனம் கூசியது அயலார்மீது கொண்ட இழிவினால் அன்று. உயிர்களின்மீது கொண்ட இரக்கத்தினால்.

ஆயினும் ஆராய்ந்து பார்த்தல் நம் கடமை. செய்தல், செய்வித்தல், செய்வாரை உடன்படுதல் என்னும் மூவழிகளில் கொலைப்பாவம் நம்மைச் சேரும் என்பது நாம் அறிந்ததே. இருநூறு ஆண்டுகளுக்கு முன் முடிந்துபோன உணவை இன்று மோதிரம் அணியும் பெண் செய்யவில்லை, செய்விக்கவில்லை, உடன்படவுமில்லை. உலோகத்தில் ஒட்டியது நெருப்பிலும் நீரிலும் நீங்கிவிட்டது. வினை உலோகத்தைப் பற்றுவதன்று, உயிரைப் பற்றுவது.

இதைவிட அண்மையில் உள்ள கேள்வி ஒன்று உண்டு. புதிய வெள்ளி எங்கிருந்து வருகிறது? தென் அமெரிக்காவில், இன்றைய பொலிவியாவில் உள்ள பொட்டோசி மலையில் 1545இல் வெள்ளி கண்டுபிடிக்கப்பட்டது. 1570களில் அங்கே பாதரசம் கலந்து வெள்ளியைப் பிரிக்கும் முறை புகுத்தப்பட்டது. சுரங்க வேலைக்கு மலைவாழ் மக்களை ஊர்வாரியாக முறைவைத்துக் கட்டாயமாகப் பிடித்துச் சென்றனர். சுரங்கத்தின் தூசியும் பாதரசத்தின் நஞ்சும் அவர்களுள் கணக்கற்றோரை மாய்த்தன. அந்த வெள்ளியும் நாணயமாகி, ஐரோப்பிய வீடுகளில் தட்டும் கரண்டியுமாகப் பரவியது. இன்று வெள்ளியின் பெரும்பகுதி ஈயம், துத்தநாகம், செம்பு, தங்கம் ஆகியவற்றின் சுரங்கங்களில் துணைப்பொருளாகக் கிடைக்கிறது. எந்தச் சுரங்கமாயினும் நிலத்தைத் தோண்டாமல், நீரைக் கலக்காமல், அங்குள்ள சிற்றுயிர்களுக்கு ஊறு செய்யாமல் கனிமம் எடுக்க இயலாது.

அப்படியாயின், புலால் தொட்ட பழைய கரண்டிக்கு அஞ்சிவிட்டுக் கடையில் மின்னும் புது மோதிரத்தை அஞ்சாமல் வாங்குவது எவ்வகையில் பொருந்தும்? பழைய வெள்ளியை வளைத்து அணிவதில் புதிதாய்த் தோண்டப்படும் மண் இல்லை. இதை நான் எடுத்துச் சொன்னபோது என் தாயார் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அப்படியானால் இரண்டும் வேண்டாம் என்பது இன்னும் நல்லது, இல்லையா?" என்றார். மிகுபொருள் விரும்பாமையை இதனினும் சுருக்கமாக ஒருவர் சொல்லக்கூடுமோ? எனக்கு விடை எழவில்லை. ஏனெனில், பழைய பொருளால் ஆனது என்னும் ஒரு காரணத்தைக் கொண்டே பத்து மோதிரம் வாங்குபவரும் உண்டு. அவர்களுக்காக நல்ல நிலையில் உள்ள முழுத் தொகுதிகளையும் அறுக்கும் பட்டறைகள் உண்டு. தொகுதி குலைந்து தனித்துப்போன கரண்டியை மோதிரமாக்குவது ஒன்று. பன்னிரண்டில் ஒன்றை அறுத்துப் பதினொன்றை ஊனமாக்குவது வேறொன்று. சிக்கனம் என்னும் போர்வைக்குள்ளும் ஆசை குடியிருக்கும்.

குடமும் முடியும்

நம் சமய நூல்களைப் பயின்றோர்க்கு இங்கே ஒரு பழைய எடுத்துக்காட்டு நினைவுக்கு வந்திருக்கும். ஆசாரியர் சமந்தபத்திரர் ஆப்தமீமாம்சையில் கூறுவது அது. பொற்குடம் ஒன்றை அழித்து முடி செய்கின்றனர். குடத்தை விரும்பியவன் வருந்துகிறான். முடியை விரும்பியவன் மகிழ்கிறான். பொன்னை விரும்பியவன் வருந்துவதுமில்லை, மகிழ்வதுமில்லை. ஒரே நிகழ்ச்சியில் அழிவு, தோற்றம், நிலைபேறு ஆகிய மூன்றும் உள்ளன. மூவர் உள்ளத்தில் எழும் மூவகை உணர்வும் காரணமற்றவை அல்ல.

இளமையில் இதைக் கேட்டபோது, மூன்றாமவனே ஞானி என்று நான் முடிவு கட்டியிருந்தேன். அவனிடம் துயரமும் இல்லை, களிப்பும் இல்லை. அதுவன்றோ நடுவுநிலை என்று எண்ணினேன். நம்மில் பலரும் அவ்வாறே எண்ணுகிறோம் என்று கருதுகிறேன். ஆனால் ஆசாரியர் அவனை ஞானி என்று கூறவில்லை. முதலாமவன் குடத்தை விரும்பியவன். இரண்டாமவன் முடியை விரும்பியவன். மூன்றாமவனும் பொன்னை விரும்பியவனே. அவன் வருந்தாததற்குக் காரணம் பற்றின்மை அன்று. அவன் பற்றிய பொருள் அழியவில்லை, அவ்வளவே. எடுத்துக்காட்டு பொருளின் இயல்பை விளக்க வந்தது. ஒழுக்கத்தின் படிநிலையை வகுக்க வந்ததன்று.

வரலாற்றில் இந்த மூன்றாமவனைப் பலமுறை காணலாம். 1643இல், உள்நாட்டுப் போரின்போது, முதலாம் சார்லஸ் மன்னர் கேட்க, ஆக்ஸ்போர்டுக் கல்லூரிகளின் வெள்ளிப் பாத்திரங்கள் உருக்கப்பட்டுப் படைவீரர் ஊதியத்துக்கான நாணயமாயின. 1689இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி, வெர்சாய் அரண்மனையின் வெள்ளி இருக்கைகளையும் மேசைகளையும் போர்ச் செலவுக்காக உருக்கச் செய்தார். அண்மைக் காலத்தில், 1979இன் தொடக்கத்தில் அவுன்சு ஏறத்தாழ 6 டாலராக இருந்த வெள்ளி விலை, அமெரிக்கச் செல்வர் சிலர் பெருமளவில் வாங்கிக் குவித்ததால் 1980 சனவரியில் ஏறத்தாழ 50 டாலரைத் தொட்டது. மேலை நாட்டுக் குடும்பங்கள் பாட்டன் பாட்டி விட்டுச்சென்ற கரண்டிகளையும் தேநீர்க் குடுவைகளையும் பைகளில் திணித்துக் கடைகளின் முன் வரிசையில் நின்றன. ஒரு கம்மியர் பல நாள் உழைத்த பூவேலையும், ஒரு தாய்க்குத் திருமணத்தில் கிடைத்த கிண்ணமும் தராசில் ஒன்றாயின, உலையில் ஒன்றாயின. மார்ச்சு 27ஆம் நாள் விலை 11 டாலருக்கும் கீழே சரிந்தது. உருகியவை மீளவில்லை.

தராசைப் பிடித்தவன் கண்ணில் நீர் வரவில்லை. அவனைப் பற்றற்றவன் என்போமா? துறவிக்கும் குடமும் முடியும் ஒன்று. எடைக்கு வாங்குபவனுக்கும் ஒன்று. புறத்தே பார்த்தால் இருவரும் ஒரே அமைதியோடு நிற்கின்றனர். ஒருவர் மதிப்பை அறிந்து விட்டவர். மற்றவர் மதிப்பையே அறியாதவர். பற்றின்மையும் மதிப்பறியாமையும் ஒன்றுபோல் தோன்றும் இரட்டையர். இவ்விரண்டையும் பிரித்தறிவது பிறரிடத்தில் அரிது. தம்மிடத்தில் அதனினும் அரிது.

எங்கள் வீட்டுத் தட்டு

இதை எனக்கு உணர்த்தியது அயல்நாட்டுக் கரண்டி அன்று. எங்கள் வீட்டுத் தட்டுதான். என் தந்தையார் உணவு கொண்ட வெள்ளித் தட்டு ஒன்று எங்களிடம் இருந்தது. 40 தோலா எடை. அதாவது ஏறத்தாழ 466 கிராம். விளிம்பில் அவர் பெயர் வெட்டப்பட்டிருந்தது. அவர் மறைந்தபின் யாரும் அதில் உண்ணவில்லை. துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்தோம். ஆண்டுக்கு ஒருமுறை வெளியே எடுத்து, கறுத்திருப்பதைக் கண்டு, திருநீறு போட்டுத் துலக்கி, மீண்டும் வைத்துவிடுவோம்.

மோதிரத்தைக் கண்ட என் மகள், "தாத்தாவின் தட்டிலும் இப்படி ஏதேனும் செய்யலாமே, குழந்தைக்குக் கொலுசு செய்யலாம்" என்றாள். குழந்தை என்றது அவளுடைய பெண்ணை. என் தாயாருக்குக் கொள்ளுப் பேத்தி. என் தங்கை உடனே மறுத்தாள். "அப்பா சாப்பிட்ட தட்டு, அதை உருக்குவதா? அதுவும் காலில் போடவா?" என்று அழவே தொடங்கிவிட்டாள். குடத்தை விரும்பியவள் ஒருத்தி, முடியை விரும்பியவள் ஒருத்தி என்று என் மனம் கணக்கிட்டது. நானோ அன்றைய வெள்ளி விலையைக் கேட்டு, 40 தோலாவுக்கு எவ்வளவு, செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று தாளில் குறித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வருத்தமும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. நூல்களைப் படித்த பயன் இது என்று உள்ளூர ஒரு நிறைவும் எழுந்தது.

என் தாயார் அத்தாளைப் பார்த்தார். "ஏனப்பா, உனக்கு அழுகை வரவில்லையா?" என்று கேட்டார்.

"அம்மா, தட்டாக இருந்தாலும் கொலுசாக இருந்தாலும் வெள்ளி வெள்ளிதானே" என்றேன், சமந்தபத்திரரை மனத்தில் வைத்துக்கொண்டு.

"அப்படித்தான் கடைக்காரரும் சொல்லுவார்" என்றார்.

நான் தலைகுனிந்தேன்.

அன்று மாலை என் தாயார் தட்டைத் தம் மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அமர்ந்திருந்தார். விளிம்பை விரலால் தடவிக்கொண்டே, தந்தையார் எந்தப் பக்கத்தில் பருப்பை இடச் சொல்வார், பொழுது சாய்வதற்குள் உணவை முடிக்க எப்படி விரைந்து வருவார் என்றெல்லாம் குழந்தைகளுக்குச் சொன்னார். அவர் கண்கள் கலங்கின. மறுநாள் காலையில் தட்டை என் கையில் கொடுத்து, "எடுத்துக்கொண்டு போ, செய்துவிடு" என்றார்.

பெயர் வெட்டிய துண்டை மட்டுமாவது தனியே அறுத்து வைத்துக்கொள்வோமே என்றேன்.

"வேண்டாம். பெயரையும் சேர்த்து உருக்கிவிடு. அவர் பெயர் உங்களிடம் இருக்கிறது, வெள்ளியில் எதற்கு?" என்றார். காலில் அணிவது பற்றித் தங்கை மீண்டும் தயங்கியபோது, "சோற்றைத் தாங்கியது, இனி நடையைத் தாங்கட்டும், காலும் உடம்பில் ஓர் உறுப்புத்தானே" என்றார்.

குழந்தையின் கொலுசுக்கு வேண்டியது சிறு அளவே. எஞ்சிய வெள்ளியை என்ன செய்வது என்றும் அவரே முடிவு செய்தார். அதன் விலை, எங்கள் ஊரில் கல்லூரிக்குச் செல்ல வழியில்லாதிருந்த மாணவி ஒருத்தியின் கட்டணமாயிற்று. உணவுத் தானம் செய்த தட்டு கல்வித் தானமும் செய்துவிட்டுப் போயிற்று.

ஆனால் அதே பெட்டியில் இருந்த வெள்ளிப் பாலாடையை என் தாயார் தொடவிடவில்லை. என்னையும், என் தம்பி தங்கையரையும், எங்கள் பிள்ளைகளையும் பாலூட்டி வளர்த்த பாலாடை அது. "அதற்கு இன்னும் வேலை இருக்கிறது" என்றார். அந்த ஒரு சொல்லில், நான் பல நாளாய்த் தேடிய அளவுகோல் இருந்தது.

அளவுகோல்

பயன் தீராத பொருளை அணிக்காகச் சிதைத்தல் தகாது. பயன் தீர்ந்த பொருளை நம் ஏக்கத்துக்காகப் பூட்டி வைத்தலும் தகாது. இவ்விரண்டுக்கும் இடையே வடிவ மாற்றம் அறத்தோடு பொருந்தும். அவ்வாறு மாற்றும்போது, முன்பிருந்த வடிவத்தைக் குறித்து உண்மை சொல்லுதல் வேண்டும். கரண்டி மோதிரமாயின், இது கரண்டி என்று சொல்லி விற்க வேண்டும்; முத்திரையைக் காட்டிக் காணாத பெருமையை ஏற்றக் கூடாது; முலாம் எனின் முலாம் என்றே சொல்ல வேண்டும். அனைத்துக்கும் மேலாக, மாற்றியபின் நம் ஆசை குறைந்ததா, பெருகியதா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு தட்டு ஒரு சிறு கொலுசும் ஒரு மாணவியின் கல்வியும் ஆவது குறைதல். ஒரு கரண்டி பத்து மோதிரத்துக்கான ஏக்கம் ஆவது பெருகுதல். வெள்ளிக்கு இவ்வேறுபாடு தெரியாது, உடையவருக்குத் தெரியும்.

வருந்துவது அறியாமை என்று நான் எண்ணியிருந்தேன். என் தாயார் வருந்தினார், வருந்தியபின் விட்டார். நான் வருந்தவில்லை, ஆனால் என் கையில் விலைத்தாள் இருந்தது. ஒரு பொருளின் மதிப்பை முழுதும் உணர்ந்தவரே அதை முழுதும் விடமுடியும். உணராதவர் விடுவது விடுதல் அன்று. அவர் கையில் முன்னும் ஒன்றுமில்லை, பின்னும் ஒன்றுமில்லை.

என் மகள் அந்தக் கரண்டி மோதிரத்தை இன்றும் அணிகிறாள். வேறு வெள்ளி மோதிரம் வாங்குவதில்லை என்று தனக்குத்தானே ஓர் எல்லை வகுத்துக்கொண்டாள். என் தாயார் அதை ஒருநாள் கையில் வாங்கிப் பார்த்தார். தேய்ந்த அம்மூன்று எழுத்துகளையும் பேத்தி ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள்.

"யாரோ தெரியவில்லை, பாட்டி" என்றாள்.

"தெரியாவிட்டால் என்ன? இருவர் ஒரு வீட்டில் வாழ்ந்தார்கள் என்று தெரிகிறதே. நல்லபடி போய்ச் சேர்ந்திருக்கட்டும்" என்று சொல்லி, மோதிரத்தை அவள் விரலில் தாமே இட்டுவிட்டார்.